நூலக மேசை: வட்டார ஆய்விதழ்களும் மேற்கோள் கணக்கும்

வணக்கம். ஓர் ஆய்வுக் கட்டுரையை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் மேற்கோள் கணக்கைப் பற்றி வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அதிலும் வட்டார ஆய்வுத் துறையினர் நிறைய எழுதியிருக்கிறார்கள். பொருளாதாரப் புவியியல், நகரத் திட்டமிடல், ஊரக வளர்ச்சி என்று ஏதோ ஓர் இடத்தை நடுவில் வைத்து ஆராய்கிறவர்கள் இவர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே. பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்ப் பிரிவைப் பல வருடம் பார்த்துக்கொண்டவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: வட்டார ஆய்விதழ் ஒன்றை எடுத்து, பத்தாண்டுகளில் அதில் வந்த கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் அலசச் சொல்லியிருக்கிறார் என் நெறியாளர். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் தேடினால் வரும் எண்ணிக்கையும், இதழின் இணையதளத்தில் நானே எண்ணியதும் ஒத்துப்போகவில்லை. எங்கே ஆரம்பிப்பது? – நூலகவியல் ஆய்வு மாணவி

பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற எட்டு இலக்க எண் உண்டு. இத்துறையின் மூத்த இதழ்களில் ஒன்றான 'ரீஜனல் ஸ்டடீஸ்' 1967இல் தொடங்கியது. அதன் அச்சுப் பதிப்புக்கு 0034-3404, இணையப் பதிப்புக்கு 1360-0591. பெயரை மட்டும் போட்டுத் தேடினால் 'யூரோப்பியன் அர்பன் அண்ட் ரீஜனல் ஸ்டடீஸ்' என்ற வேறோர் இதழும், 2014இல் வந்த 'ரீஜனல் ஸ்டடீஸ், ரீஜனல் சயின்ஸ்' என்ற இன்னோர் இதழும் சேர்ந்தே வந்து விழும். மூன்றும் தனித்தனி இதழ்கள்.

தரவுக் கோப்பை இறக்கியதும் டி.ஓ.ஐ. (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான இணைய அடையாள எண்) இருக்கும் நெடுவரிசையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரீஜனல் ஸ்டடீஸின் சமீப வருடக் கட்டுரைகளில் 10.1080 என்பதற்கு அடுத்து 00343404 என்று வரும். இதழின் எண்ணேதான் அது. அந்த இடத்தில் வேறோர் இதழின் எண் தலைகாட்டினால் அந்த வரி உங்களுடையது அல்ல.

எண்ணிக்கை ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணம் நூல் மதிப்புரைகள். வட்டார ஆய்விதழ்கள் மதிப்புரைகளுக்கு நல்ல இடம் கொடுப்பவை. ஸ்கோபஸ் அவற்றைச் சேர்ப்பதில்லை. அதைப் போன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸ் சேர்க்கும். இணையதளத்தில் எல்லாமே இருக்கும். அதனால் ஒரே தொகுதிக்கு மூன்று எண்கள் கிடைப்பதில் வியப்பில்லை. ஆய்வுக் கட்டுரையும் மீளாய்வுக் கட்டுரையும் மட்டும் போதுமா, தலையங்கமும் வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, ஆய்வேட்டில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஆண்டு விஷயமும் அப்படித்தான். டிசம்பரில் இணையத்தில் ஏறிய கட்டுரை, அடுத்த வருட இதழிலோ அதற்கும் அடுத்த வருட இதழிலோ அச்சாகும். எந்த ஆண்டைக் கணக்கில் எடுக்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தரவை இறக்கிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோள் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருப்பது. தேதி இல்லாமல் உங்கள் அட்டவணையை வேறு யாராலும் சரிபார்க்க முடியாது.

அப்புறம் சுத்தம் செய்யும் வேலை. அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். 'லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்' என்று ஒரு வரியில் இருக்கும், 'எல்.எஸ்.இ.' என்று இன்னொரு வரியில் இருக்கும், முழு அதிகாரப்பூர்வப் பெயர் மூன்றாவது வரியில் இருக்கும். அதை அப்படியே, தொடர்புகளைப் படமாக வரையும் வி.ஓ.எஸ்.வியூவர் மென்பொருளில் கொடுத்தால் ஒரே நிறுவனம் மூன்று வட்டங்களாகப் படத்தில் வந்து நிற்கும். மூன்றுக்கும் நடுவே 'கூட்டு ஆய்வு' என்று கோடு விழுந்தாலும் விழும். ஆசிரியர் பெயர்களிலும் இதே கதைதான்: முதலெழுத்து ஒன்றா இரண்டா, குடும்பப் பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று மாறிக்கொண்டே இருக்கும். படம் அழகாக வருகிறது என்பதற்காக அவசரப்படாதீர்கள். பெயர்களை ஒன்றாக்கி முடித்த பிறகே மென்பொருளைத் திறங்கள்.

கேள்வி: சார்பு வளர்ச்சி வீதம், இரட்டிப்புக் காலம், கூட்டாசிரியர் அளவு – இந்த அட்டவணைகள் எல்லாம் கட்டாயமா? எல்லா ஆய்வேடுகளிலும் இருக்கின்றனவே! – முனைவர் பட்ட மாணவர்

எல்லா ஆய்வேடுகளிலும் இருப்பதால் கட்டாயம் ஆகிவிடாது. கட்டுரைகளின் மொத்த எண்ணிக்கை இரண்டு மடங்காக எத்தனை வருடம் ஆகும் என்பதுதான் இரட்டிப்புக் காலம். தனி ஓர் ஆய்விதழுக்கு அதைக் கணக்கிடுவதை நான் ஏற்பதில்லை. ஏன் என்று கணக்காகவே காட்டுகிறேன்.

ஓர் இதழ் வருடத்துக்குச் சரியாக 100 கட்டுரைகள் வெளியிடுகிறது என்று வையுங்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வழக்கமான முறைப்படி கூட்டுத்தொகையை எடுத்தால் 100, 200, 300, 400 என்று போகும். அடுத்தடுத்த இரண்டு கூட்டுத்தொகைகளின் இயல் மடக்கைகளைக் கழித்தால் சார்பு வளர்ச்சி வீதம் 0.69, 0.41, 0.29 என்று இறங்கும். 0.693ஐ அவற்றால் வகுத்தால் இரட்டிப்புக் காலம் 1 வருடம், 1.7 வருடம், 2.4 வருடம் என்று ஏறும். உடனே 'இதழின் வளர்ச்சி படிப்படியாகக் குறைந்து வருகிறது' என்று முடிவுரையில் எழுதிவிடுகிறார்கள். இதழோ வருடந்தோறும் அதே 100 கட்டுரைகளைத்தான் வெளியிட்டிருக்கிறது! சரிவு அந்தச் சூத்திரத்தில் இருந்து வருவது.

தவிர, ஓர் இதழில் வருடத்துக்கு எத்தனை கட்டுரை என்பதைத் தீர்மானிப்பவர்கள் பதிப்பாளரும் ஆசிரியர் குழுவும். பக்க எண்ணிக்கை அவர்கள் கையில் இருக்கிறது. அறிவு வளர்கிறதா இல்லையா என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. இதழ் காலாண்டாக இருந்து மாத இதழாக மாறினால் எண்ணிக்கை தாவும். அந்த மாற்றம் எந்த ஆண்டில் நடந்தது, சிறப்பிதழ்கள் எப்போது வந்தன என்று சொல்லுங்கள், படிக்கிறவருக்கு உபயோகமாக இருக்கும்.

கூட்டாசிரியர் அளவு வேண்டும். கே. சுப்ரமணியம் 1983இல் கொடுத்த எளிய சூத்திரமே போதும்: ஒன்றுக்கு மேற்பட்டோர் எழுதிய கட்டுரைகளை மொத்தக் கட்டுரைகளால் வகுக்க வேண்டும். 200இல் 160 என்றால் 0.8. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதியதா, ஆராயப்பட்ட ஊரில் இருப்பவரும் சேர்ந்து எழுதியதா என்று பிரித்துப் பாருங்கள். வட்டார ஆய்வில் அதுதான் பெரிய வித்தியாசம்.

கேள்வி: நான் கட்டுரை அனுப்ப நினைக்கும் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2. அப்படியென்றால் என் கட்டுரைக்கு இரண்டு மேற்கோளாவது நிச்சயம் வரும் என்று அர்த்தமா? – கல்லூரி ஆசிரியர்

இல்லை. அது இதழின் சராசரி. உங்கள் கட்டுரையைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை.

கணக்கு இதுதான். 2024ஆம் ஆண்டுக்கான இம்பாக்ட் ஃபேக்டர் வேண்டும் என்றால், 2022இலும் 2023இலும் அந்த இதழில் வந்தவற்றை 2024இல் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அந்த இரண்டு வருடங்களில் வந்த ஆய்வுக் கட்டுரை, மீளாய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். தலையங்கத்துக்கு வந்த மேற்கோள் மேலே சேரும், தலையங்கம் கீழே சேராது. இது பலருக்குத் தெரியாது.

இப்படி யோசியுங்கள்: இரண்டு வருடத்தில் 50 கட்டுரைகள், மொத்தம் 100 மேற்கோள்கள். இம்பாக்ட் ஃபேக்டர் 2. ஆனால் ஒரே கட்டுரைக்கு 40, இன்னும் மூன்றுக்குத் தலா 10, மீதி 30 மேற்கோள்கள் 46 கட்டுரைகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றும் என்று இருக்கலாம். அப்போது அந்த இதழின் பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஒன்று, அல்லது ஒன்றுமே இல்லை. பெர் செக்லென் என்ற நார்வே ஆய்வாளர் 1990களில் காட்டியதும் இதைத்தான்: அதிகம் மேற்கோள் பெற்ற 15 சதவீதக் கட்டுரைகளே மொத்த மேற்கோளில் பாதியை எடுத்துக்கொள்கின்றன. 2016இல் 'நேச்சர்', 'சயின்ஸ்' உட்பட 11 இதழ்களின் மேற்கோள் பரவலை வெளியிட்டபோது, 65 முதல் 75 சதவீதக் கட்டுரைகள் தத்தம் இதழின் இம்பாக்ட் ஃபேக்டருக்குக் கீழேதான் இருந்தன.

ஒரே கட்டுரை சராசரியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குப் படிகவியல் இதழான 'ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ'யைச் சொல்வார்கள். இம்பாக்ட் ஃபேக்டர் சுமார் 2 என்று இருந்த இதழ் 2009ஆம் ஆண்டுக் கணக்கில் 49.926க்குப் போனது. 2008இல் அதில் வந்த, ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றிய ஒரே கட்டுரைதான் காரணம். மற்றக் கட்டுரைகள் எப்போதும்போலத்தான் இருந்தன.

வட்டார ஆய்வுக்கு இந்த இரண்டு வருடக் கணக்கு இன்னும் பொருந்தாது. ரீஜனல் ஸ்டடீஸில் 2005இல் பொருளாதாரப் புவியியலாளர் ரான் போஷ்மா ஒரு கட்டுரை எழுதினார். நிறுவனங்கள் புத்தாக்கம் செய்ய அருகருகே இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்டு, அறிவு, அமைப்பு, சமூகம், நிறுவன விதிகள், புவியியல் என்று ஐந்து வகை அண்மையைப் பிரித்துக் காட்டிய கட்டுரை. இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரில் அது சேர்ந்தது 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுக் கணக்குகளில் மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான மேற்கோளில் ஒன்றுகூட அந்த எண்ணுக்குள் வரவில்லை. ஓர் ஊரின் தொழில் சரிந்து எழுவதற்கே பத்துப் பதினைந்து வருடம் ஆகும்போது, அதைப் பற்றிய ஆய்வை இரண்டே வருடத்தில் எடைபோடுவது நியாயமே இல்லை.

அதனால் இதழைத் தேர்ந்தெடுக்கும்போது ஐந்தாண்டு இம்பாக்ட் ஃபேக்டரையும், மேற்கோளின் அரைவாழ்வுக் காலத்தையும் பாருங்கள். இதழ் பெற்ற மேற்கோளில் பாதி எத்தனை வருடத்துக்கு உட்பட்ட கட்டுரைகளுக்கு வந்தது என்று பின்னது சொல்லும். இரண்டுமே கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ் என்ற வருடாந்தர அறிக்கையில் கிடைக்கும். அதைவிட முக்கியம், சமீபத்திய மூன்று நான்கு இதழ்களின் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கட்டுரை அங்கே யாரோடு பேசப்போகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரே கட்டுரைக்கு வெப் ஆஃப் சயின்ஸில் ஒரு எண், ஸ்கோபஸில் ஒரு எண், கூகுள் ஸ்காலரில் அதைவிடப் பெரிய எண். எதை நம்புவது? – ஆய்வாளர்

மூன்றும் வெவ்வேறு அலமாரிகளில் தேடுகின்றன. வெப் ஆஃப் சயின்ஸ் மிகவும் பொறுக்கி எடுத்த இதழ்களைப் பார்க்கிறது. 2004இல் வந்த ஸ்கோபஸ் இன்னும் விரிவானது. அதே வருடம் வந்த கூகுள் ஸ்காலர் நூல்கள், ஆய்வேடுகள், அறிக்கைகள், மாநாட்டுக் கட்டுரைகள் என்று கண்ணில் பட்டதை எல்லாம் எடுக்கிறது. ஒரே ஆவணத்தை இரண்டு தடவை எண்ணுவதும் அதில் உண்டு. வட்டார ஆய்வு நூல்களிலும் அரசு அறிக்கைகளிலும் அதிகம் புழங்குகிற துறை என்பதால் இந்த இடைவெளி இங்கே பெரிதாகத் தெரியும்.

எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எடுங்கள். ஒரு இதழுக்கு ஸ்கோபஸ், இன்னொன்றுக்கு கூகுள் ஸ்காலர் என்று கலந்து ஒப்பிடக் கூடாது. சந்தா இல்லாத கல்லூரிகளில் இருப்பவர்கள் 2022இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்தலாம். இலவசம், தரவை முழுவதுமாக இறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணி ஆராயும் நூலளவியலில், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனுக்கு இடம் உண்டா? – வாசகர்

உண்டு. நூலகப் பணிகளுக்குப் புள்ளியியலைப் பயன்படுத்த வேண்டும் என்று 1948இல் இங்கிலாந்தில் நடந்த, ஆஸ்லிப் என்ற நூலகச் சங்கத்தின் மாநாட்டில் எடுத்துச் சொன்னவர் அவர். 'லைப்ரமெட்ரி' என்று அதற்குப் பெயரும் வைத்தார். நூலளவியலுக்கு இன்று வழங்கும் 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரை ஆலன் பிரிச்சர்ட் 1969இல்தான் முன்வைத்தார். இவர்களுக்கு முன்பே, 1934இல், சாமுவேல் பிராட்ஃபோர்டு ஒரு பொருளைப் பற்றிய கட்டுரைகள் சில இதழ்களில் குவிந்தும் மற்றவை ஏராளமான இதழ்களில் சிதறியும் கிடப்பதைக் காட்டியிருந்தார். உங்கள் துறைக்கு அது நன்றாகவே பொருந்தும். ஒரு வட்டாரத்தைப் பற்றிய கட்டுரைகள் பொருளாதாரம், புவியியல், சமூகவியல், திட்டமிடல், வேளாண்மை என்று பல துறை இதழ்களில் பிரிந்து கிடக்கும். ஒரே இதழை அலசிவிட்டு 'இந்த வட்டாரத்தைப் பற்றிய ஆய்வு இவ்வளவுதான்' என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஒரு சிறிய ஆற்றுப் படுகையில் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையைப் பற்றிக் களப்பணி செய்து, ஒரு வட்டார ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டேன். சில வருடங்கள் ஆகியும் விரல்விட்டு எண்ணக்கூடிய மேற்கோள்களே வந்திருக்கின்றன. பொதுவான கோட்பாட்டைப் பற்றி எழுதிய நண்பருக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது. 'தலைப்பில் இடப்பெயரை எடுத்துவிடு, மேற்கோள் கூடும்' என்கிறார் அவர். எடுத்துவிடலாமா? – களப்பணியாளர்

எடுக்காதீர்கள். இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கோட்பாட்டுக் கட்டுரைக்கு மேற்கோள் அதிகம் வருவது உண்மைதான். போஷ்மாவின் ஐந்து வகை அண்மையை எந்த நாட்டுக்காரரும் தன் முன்னுரையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆந்த்ரேஸ் ரோத்ரிகெஸ்-போஸ் 2018இல் எழுதிய, கைவிடப்பட்ட ஊர்கள் வாக்குச்சீட்டால் பதிலடி கொடுப்பதைப் பற்றிய கட்டுரையும் அப்படித்தான் உலகம் சுற்றியது. உங்கள் ஆற்றுப் படுகைக் கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டுமென்றால் ஒருவர் அந்தப் படுகையைப் பற்றியோ, அதைப் போன்ற இன்னொன்றைப் பற்றியோ எழுத வேண்டும். அப்படி எழுதுகிறவர்கள் உலகத்திலேயே சிலர்தான் இருப்பார்கள். அந்தச் சிலரில் எத்தனை பேர் உங்களைக் காட்டினார்கள் என்று பார்த்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய அந்த எண்ணிக்கையே பெரிய பங்காக இருக்கலாம்.

தலைப்பு விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதற்குப் பின்னால் ஒரு நிஜமான அநீதி இருக்கிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சமூக அறிவியல் கட்டுரைகளின் தலைப்புகளை அலசி, 2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பணக்கார நாடுகளைப் பற்றிய கட்டுரைகள் தலைப்பில் நாட்டின் பெயரைச் சொல்வது குறைவு. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பற்றியவை சொல்வது அதிகம் என்று அது காட்டியது. அதாவது ஒருவருடைய ஊர் 'பொது' என்று ஆகிவிடுகிறது, மற்றவருடைய ஊர் 'தனி உதாரணம்' என்று ஆகிவிடுகிறது. இதற்கு நாமும் ஊர்ப் பெயரை மறைப்பது பரிகாரம் அல்ல. மறைத்துவிட்டால், அந்தப் படுகையில் நாளைக்குத் திட்டம் தீட்டப்போகிற பொறியாளர் பெயரைப் போட்டுத் தேடும்போது உங்கள் கட்டுரை அவர் கண்ணில் படாது. உங்கள் முதல் வாசகரை நீங்களே இழந்துவிடுவீர்கள். பணக்கார நாடுகளைப் பற்றி எழுதுகிறவர்களும் ஊர்ப் பெயரைத் தலைப்பில் போடட்டும் என்று ஆய்விதழ் ஆசிரியர்களிடம் கேட்போம். அதுதான் சரி.

வட்டார ஆய்விதழை அலசும் எல்லோருக்கும் நான் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. வழக்கமான தரவு அட்டவணையில் மூன்று நெடுவரிசைகள் கூடுதலாகச் சேருங்கள். கட்டுரை எந்த இடத்தைப் பற்றியது? அதை எழுதியவர் எங்கே இருக்கிறார்? அதை மேற்கோள் காட்டுகிறவர் எங்கே இருக்கிறார்? முதல் நெடுவரிசை எந்தத் தரவுத்தளத்திலும் தயாராகக் கிடைக்காது. தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து, கையால்தான் நிரப்ப வேண்டும். வேலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிரப்பி முடித்ததும் இம்பாக்ட் ஃபேக்டர் ஒருநாளும் காட்டாத விஷயங்கள் வெளியே வரும். ஓர் இதழில் ஒரு வட்டாரத்தைப் பற்றி நாற்பது கட்டுரைகள் இருக்கும். அந்த வட்டாரத்தில் இருந்து எழுதியவர்கள் நான்கு பேர்கூட இருக்க மாட்டார்கள். இன்னோர் இதழுக்கு மொத்த மேற்கோள் குறைவாக இருக்கும். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஆராயப்பட்ட இடத்தில் இருப்பவர்களிடமிருந்தே வந்திருக்கும். இரண்டில் எது வட்டார ஆய்விதழாகத் தன் வேலையைச் செய்கிறது? எனக்குப் பின்னதுதான்.

'லைடன் அறிக்கை' என்று 2015இல் நேச்சர் இதழில் வெளியான பத்து நெறிகளில் மூன்றாவதே, உள்ளூருக்குப் பொருந்தும் தரமான ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பது. தாய்மொழியில் வரும் இதழ்களை ஆங்கிலத் தரவுத்தளங்களை வைத்து அளப்பதை அது நேரடியாகவே எச்சரிக்கிறது. உங்கள் மதிப்பீட்டுக் குழுவிடம் அதை எடுத்துக் காட்டுங்கள். கூடவே, உங்கள் கட்டுரையை நீர்வளத் திட்ட அறிக்கைகள் எங்காவது குறிப்பிட்டிருக்கின்றனவா என்று தேடுங்கள். கொள்கை ஆவணங்களில் வரும் மேற்கோளைத் தேட ஓவர்டன் என்ற தரவுத்தளம் இருக்கிறது. ஆய்வேடுகளையும் விடாதீர்கள்.

கேள்வி: 'உங்கள் இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் சான்றிதழ் தருகிறோம், இவ்வளவு கட்டணம்' என்று மின்னஞ்சல் வருகிறது. வாங்கலாமா? – சிற்றிதழ் நிர்வாகி

வேண்டாம். ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டரைக் கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே வெளியிடுகிறது, இதழ்களிடம் அதற்குக் காசு வாங்குவதும் இல்லை. ஸ்கோபஸ் தரவை வைத்துக் கணக்கிடும் சைட்ஸ்கோர் என்ற இதழ் மதிப்பெண்ணும் அப்படியே. காசு கேட்டு வரும் எண் எதுவும் உங்கள் இதழின் பேரைக் கெடுக்கத்தான் செய்யும்.

கேள்வி: ஒரு சிறிய வட்டார ஆய்விதழை நடத்துகிறேன். நேர்மையான வழியில் மேற்கோளைக் கூட்ட முடியுமா? – இதழாசிரியர்

முடியும். பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலைகள்தாம், ஆனால் பலன் உண்டு.

ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. வாங்குங்கள். வாங்கியதோடு நில்லாமல் துணைநூற்பட்டியலையும், டி.ஓ.ஐ. பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃபில் பதிவு செய்யுங்கள். அதைச் செய்தால்தான் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்பது திறந்த தரவுத்தளங்களுக்குத் தெரியவரும். தாய்மொழி இதழாக இருந்தால் தலைப்பும் சுருக்கமும் இரண்டு மொழிகளில் இருக்கட்டும். இடப்பெயரின் எழுத்துக்கூட்டலை இதழ் முழுவதும் ஒரே மாதிரி வையுங்கள். ஒரே ஆற்றுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால் தேடுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். இதழின் பெயரை எப்படிச் சுருக்கி எழுத வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஆளுக்கொரு விதமாகச் சுருக்கினால் உங்களுக்கு வர வேண்டிய மேற்கோள் எதனோடும் பொருந்தாமல் அந்தரத்தில் தொங்கும். களத்தரவை இணைப்பாகக் கொடுக்கச் சொல்லி ஆசிரியர்களை ஊக்குவியுங்கள். ஒரு வட்டாரத்தைப் பற்றி அதுவரை வந்ததை எல்லாம் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரை வருடத்துக்கு ஒன்றாவது கேட்டு வாங்குங்கள். புதிதாக அந்த வட்டாரத்துக்கு வரும் மாணவர் முதலில் தேடுவது அதைத்தான்.

செய்யக் கூடாதது ஒன்று. 'எங்கள் இதழில் வந்ததை நான்கைந்து சேர்த்துக்கொள்ளுங்கள், வெளியிடுகிறோம்' என்று கட்டுரை எழுதுகிறவர்களிடம் கேட்காதீர்கள். 2012இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கணக்கெடுப்பில், பதில் சொன்ன சமூக அறிவியல், வணிகத் துறை ஆய்வாளர்களில் சுமார் 20 சதவீதத்தினர் தங்களுக்கு இப்படி நெருக்கடி வந்ததாகச் சொன்னார்கள். இதழ்கள் தங்களுக்குள் பேசிவைத்து ஒன்றையொன்று மேற்கோள் காட்டிக்கொள்வதும் வெளியே வந்துவிடும். 2013இல் பிரேசிலின் நான்கு மருத்துவ இதழ்களுக்கு இதற்காகவே இம்பாக்ட் ஃபேக்டர் கொடுக்கப்படவில்லை. அந்தக் காலத்தில் நேர்மையாக எழுதி அந்த இதழ்களில் வெளியிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. வருட முடிவில் உங்கள் எழுத்தாளர்களுக்கு ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள். சராசரி வேண்டாம், கட்டுரைகளை மேற்கோள் வரிசைப்படி அடுக்கினால் நடுவில் நிற்கும் கட்டுரைக்கு எத்தனை வந்தது என்று சொல்லுங்கள். மேற்கோளே வராதவை எத்தனை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். எந்தெந்த இடங்கள் ஆராயப்பட்டன, அந்த இடங்களில் இருந்து எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் சேருங்கள். அறிக்கை தயாரானால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள், உங்கள் அனுமதியோடு இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.